புதிய சாகுபடி முறையை விவசாயி ஏற்பதும் மறுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு புதிய முறை நல்லது என்று தெரிந்த பிறகும் அதை மேற்கொள்ள மனிதர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்ற கேள்வி, வேளாண் துறையின் களப்பணியாளர்கள், உழவர் குழுக்களை நடத்துபவர்கள், இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் ஆகியோரிடமிருந்து தொடர்ந்து வருகிறது. பொதுப்படையாகப் பேசினால் இதில் எதுவும் பிடிபடாது. ஆகவே தமிழ்நாட்டு நெல் விவசாயிகள் இருபது ஆண்டுகளாக அறிந்திருக்கும் ஒற்றை நாற்று நடவை முன்வைத்தே இங்குள்ள பெரும்பாலான பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஒற்றை நாற்று நடவு என்பது என்ன? அதை ஏன் எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டும்?

மடகாஸ்கர் தீவில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஆன்ரி டி லோலானியே, அங்குள்ள உழவர்களோடு பல ஆண்டுகள் பழகிக் கவனித்தவற்றைக் கொண்டு 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு வாக்கில் இதைச் சோதிக்கத் தொடங்கி, 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் படுகைகளில் விவசாயிகளின் வயல்களிலேயே செய்துபார்த்தது. 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் இதைப் பல ஆற்றுப் படுகைகளுக்குக் கொண்டுசென்றது. அரசு ஆவணங்களில் திருந்திய நெல் சாகுபடி என்றும் செம்மை நெல் சாகுபடி என்றும் பெயர் இருந்தாலும், ஊரில் அது "ஒத்தை நாத்து" என்றே வழங்குகிறது.

ஏக்கருக்கு இரண்டு முதல் மூன்று கிலோ விதையை ஒரு சென்ட் பரப்பில், பாய் போலப் பெயர்த்தெடுக்கக்கூடிய பாய் நாற்றங்காலில் விட்டு, பதினான்கு நாள் வயதில் நாற்றை எடுத்து, 22.5 அல்லது 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக, குத்துக்கு ஒன்றாக நட வேண்டும். தண்ணீரைக் கட்டி நிறுத்தாமல், மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்பு கண்ட பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். பத்து நாளுக்கு ஒரு முறை கோனோவீடர் என்ற உருளும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும்.

இதை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. விலை கொடுத்து வாங்கும் ரகமோ மருந்தோ என்றால், "கையில் காசில்லை" என்ற ஒரே பதில் மற்ற எல்லாக் காரணங்களையும் மறைத்துவிடும். இந்த முறையிலோ விதைச் செலவு பத்தில் ஒரு பங்காகிறது, தண்ணீரும் குறைவாகவே தேவைப்படுகிறது. அப்படியிருந்தும் தயக்கம் நீடித்ததால், தயக்கத்தின் வேர்கள் இங்கே தெளிவாகத் தெரிகின்றன.

விவசாயிகள் மறுப்பதற்கு விழிப்புணர்வு இல்லாததுதானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் விவசாயியிடம் ஒற்றை நாற்று முறையின் படிகளைச் சொல்லச் சொன்னால், நாற்றின் வயது முதல் இடைவெளி வரை பலர் தவறில்லாமல் ஒப்பிக்கிறார்கள். அதே ஆட்கள் அடுத்த வாரம் இருபத்தைந்து நாள் நாற்றைக் குத்துக்கு மூன்றும் நான்குமாக நடுகிறார்கள். அறிவது வேறு, விரும்புவது வேறு, செய்யலாம் என்று உத்தேசம் கொள்வது வேறு, செய்து முடிப்பது வேறு. இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, பலன் கிடைக்காதபோதெல்லாம் இன்னும் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போடுவதே நம் துறையின் பெரிய வீண்செலவு என்று நான் கருதுகிறேன்.

உத்தேசம் எப்படி உருவாகிறது என்று உளவியல் சொல்கிறது?

இத்துறையில் மிக அதிகமாகப் பயன்படுவது ஐசக் ஐசன் என்ற சமூக உளவியலாளரின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. மார்ட்டின் ஃபிஷ்பைனுடன் சேர்ந்து 1975இல் அவர் எழுதிய முந்தைய கோட்பாட்டின் விரிவாக்கமான இது, 1991இல் வெளியான கட்டுரையின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. ஒருவருடைய உத்தேசம் மூன்று வகை நம்பிக்கைகளிலிருந்து எழுகிறது என்று அது கூறுகிறது. இதைச் செய்தால் எனக்கு நல்லதா கெட்டதா என்ற மனப்பான்மை முதலாவது. நான் மதிப்பவர்களும் என்னோடு வாழ்பவர்களும் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற சமூக எதிர்பார்ப்பு இரண்டாவது. இதைச் செய்து முடிப்பது என் கையில் இருக்கிறதா என்ற உணர்வு மூன்றாவது.

மூன்றாவதை ஐசன் பின்னால் சேர்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு மட்டும் இருந்த பழைய கோட்பாடு, மனிதன் தன் விருப்பப்படியே செய்துவிடக்கூடிய செயல்களுக்குத்தான் பொருந்தியது. விவசாயத்தில் அப்படிப்பட்ட செயல் எத்தனை உண்டு? நடவுக்கு ஆள் வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் வேண்டும், கருவி வேண்டும், மழை பொறுக்க வேண்டும். ஆகவே நெல் விவசாயியைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது நம்பிக்கையிலிருந்துதான் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடைமுறையில் நாம் முதலாவதில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம்.

கூடுதல் விளைச்சலைக் கணக்குப் போட்டுக் காட்டினால் மனப்பான்மை மாறிவிடாதா?

ஓரளவுக்கு மாறும். ஆனால் கேட்பவரின் மனத்தில் ஓடும் கணக்கு வேறு. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வும் அதைத் தொடர்ந்த சோதனைகளும், ஒரு தொகையை இழப்பதால் வரும் வலி அதே தொகையைப் பெறுவதால் வரும் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமாக உணரப்படுகிறது என்று காட்டின. ஏக்கருக்கு ஐந்து மூட்டை கூடும் என்று நாம் சொல்லும்போது, ஐந்து மூட்டை குறைந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம்தான் அவர் மனத்தில் முந்திக்கொண்டு நிற்கிறது. குத்தகைக்கு எடுத்து, நகையை அடகு வைத்துச் சாகுபடி செய்பவருக்கு அந்த ஐந்து மூட்டையின் இழப்பு வெறும் உணர்வு அன்று. நகையை மீட்கும் தேதி அதில் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஊரோடு ஒத்துப் பழைய முறையில் நட்டு விளைச்சல் குறைந்தால், "இந்த வருஷம் எல்லாருக்கும் அப்படித்தான்" என்று மனம் ஆறிவிடுகிறது. தானாகத் தேர்ந்தெடுத்த புதிய முறையில் குறைந்தால், பழி முழுவதும் தன்மேல் விழுகிறது. ஒரே அளவு இழப்பு, இரண்டு விதமான வலி. ஆகவே "எவ்வளவு கூடும்" என்பதைவிட, "மோசமான பருவத்தில் எவ்வளவு குறையக்கூடும், அப்போது என்ன செய்யலாம்" என்பதை நேர்மையாகச் சொல்லும் பணியாளரையே விவசாயி நம்புகிறார்.

மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு உண்மையிலேயே அவ்வளவு செல்வாக்கு உண்டா?

நட்ட பத்தாம் நாள், பழைய முறை வயலுக்கும் ஒற்றை நாற்று வயலுக்கும் நடுவிலுள்ள வரப்பில் நின்று பாருங்கள். சதுர மீட்டருக்கு ஐம்பது குத்து, குத்துக்கு இரண்டு மூன்று நாற்று என்று நட்ட ஒரு பக்கம் பச்சைப் பாய் விரித்தது போல இருக்கும். மறுபக்கம் சதுர மீட்டருக்குப் பதினாறு குத்து, ஒவ்வொன்றிலும் ஊசி போல ஒரே ஒரு நாற்று. நின்றபடி பார்த்தால் சேறும் அதில் தெரியும் வானமும்தான் கண்ணில் படும். குனிந்து, பார்வையை வரப்பு மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான், மார்க்கர் என்ற கோடிடும் கருவி போட்ட கோட்டில் நாற்றுகள் வரிசையாக நிற்பது தெரியவரும். அந்த வழியாகச் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்று, "என்ன மாப்ளே, நட்டாச்சா, இனிமேதான் நடணுமா?" என்று கேட்பார். டீக்கடைக்குப் போனால் அதே கேள்வி. வீட்டுக்கு வந்தால், "அக்கம்பக்கத்துல எல்லாம் பச்சை கட்டிடுச்சு, நம்ம வயல் மட்டும் ஏன்ப்பா இப்படி இருக்கு?" என்று தாயார் கேட்பார்.

இருபத்தைந்து நாளுக்கு மேல் தூர் வெடிக்கத் தொடங்கி, நாற்பது நாளுக்குள் வரிசைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்போது இந்தப் பேச்சு தானாக அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த முதல் மூன்று வாரத்தைத் தாங்க முடியாமல், நான்காவது நாளே இடைவெளியில் இன்னும் இரண்டு நாற்றைச் செருகிவிட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு முறையில் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வெறும் வயலோடு ஊர் நடுவே நிற்க முடியவில்லை.

நிலம் வைத்திருப்பவருடைய தொழில் அனைவரும் பார்க்கத் திறந்து கிடப்பது. அலுவலகத்தில் ஒருவர் புதிய மென்பொருளைக் கற்கத் தடுமாறினால் பக்கத்து மேசைக்குத் தெரியாது. விவசாயியின் தடுமாற்றத்தைப் பேருந்தில் போகிறவரும் பார்க்கிறார். இந்த வெளிப்படைத்தன்மை, முறை வென்றால் அதை வேகமாகப் பரப்பும், வெல்வதற்கு முன் அதே வேகத்தில் நசுக்கும். அதனால்தான் ஒரே ஊரில் தனித்தனியாக ஐந்து பேரைச் செய்யவைப்பதைவிட, ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்த வயல்காரர்கள் ஐந்து பேரைச் சேர்ந்து செய்யவைப்பது பயன் தருகிறது. வெறும் வயல் ஐந்து சேர்ந்து கிடந்தால் அங்கே கேலிக்கு இடம் குறைந்துவிடும்.

முன்னோடி விவசாயியின் வயலைக் காட்டினால் போதாதா?

யாருடைய வயல் என்பதைப் பொறுத்தது. ஆழ்துளைக் கிணறு, சொந்த டிராக்டர், நகரத்தில் சம்பாதிக்கும் மகன் ஆகிய வசதிகளோடு இருப்பவரின் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சிறு விவசாயி, "அவருக்கு முடியும்" என்ற ஒன்றைத்தான் கற்றுக்கொண்டு போகிறார். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பென்யிஷாய், மோபாரக் என்ற ஆய்வாளர்கள் இதை முறைப்படி சோதித்தார்கள். அரசுப் பணியாளர், வசதி மிக்க முன்னோடி விவசாயி, மற்றவர்களைப் போன்ற சாதாரண நிலையிலுள்ள சக விவசாயி ஆகிய மூவகையினரிடம் புதிய முறைகளைச் சொல்லும் பொறுப்பு பிரித்துக் கொடுக்கப்பட்டது. தங்கள் உழைப்புக்குச் சிறு வெகுமதியும் கிடைத்தபோது, மற்றவர்களை மனம் மாற்றுவதில் அந்தச் சாதாரண விவசாயிகளே முன்னே நின்றார்கள்.

நெல்லுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பசுமைப் புரட்சிக் காலத்தில் இந்திய விவசாயிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் எப்படிக் கற்றார்கள் என்பதை ஆராய்ந்து கைவன் முன்ஷி 2004இல் வெளியிட்ட கட்டுரை, கோதுமை விவசாயிகள் அண்டை அயலாரின் அனுபவத்தைப் பெரிதும் பின்பற்றியதையும் நெல் விவசாயிகள் அவ்வளவாகப் பின்பற்றாததையும் காட்டியது. அன்றைய புதிய நெல் ரகங்கள் மண்ணுக்கும் நீருக்கும் தகுந்தாற்போல வெவ்வேறு விதமாக விளைந்தன. அடுத்தவன் வயலில் விளைந்தது என் வயலிலும் விளையும் என்பதற்கு உறுதி இருக்கவில்லை. ஆகவே பக்கத்து ஊர் செயல்விளக்கத் திடலைப் பார்த்தும் நெல் விவசாயி அசையாமல் இருந்தால், அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடக் கூடாது.

"என் கையில் இல்லை" என்று விவசாயி சொல்வது சாக்குப்போக்கா, உண்மையா?

நடவைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். பழைய முறையில் நாற்றுப் பறித்து, முடி கட்டி, வயலெங்கும் வீசிப்போடுவார்கள். நடவுப் பெண்கள் இடது கையில் முடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கிள்ளிக் கிள்ளி ஊன்றியபடி பின்னோக்கி நகர்வார்கள். கை எண்ணுவதில்லை, கண் அளப்பதில்லை, பேச்சும் பாட்டும் தடைபடுவதில்லை. பல பருவங்களாக உடம்பில் ஊறிய வேகம் அது. ஒற்றை நாற்றில் அந்த வேகம் உடைகிறது. பாய் நாற்றங்காலிலிருந்து மண்ணோடு பெயர்த்த பத்தையைத் தட்டில் ஏந்தி, அதிலிருந்து ஒரே ஒரு நாற்றை விதையும் வேரும் பிரியாமல் எடுத்து, கோடுகள் வெட்டும் புள்ளியில் ஆழமில்லாமல் மேலாக வைக்க வேண்டும். நாற்றைப் பறித்த அரை மணி நேரத்துக்குள் நட்டுவிடவும் வேண்டும். "இது விரலுக்கே சிக்கலையே தம்பி, இதை எப்ப நட்டு நாங்க எப்பக் கரையேறுறது?" என்று நடவுக் குழுவை அழைத்துவரும் அக்கா கேட்டால், அந்தக் கேள்விக்கு நிலக்காரரிடம் பதில் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கொத்தாகக் கூலி பேசி வருபவர்களுக்கு, நேரம் கூடினால் அந்த நாளின் கூலி குறைகிறது. அவர்கள் வர மறுத்துவிட்டால், பதினான்கு நாள் நாற்று இருபது நாள் ஆகிவிடும்.

தண்ணீரும் அப்படியே. பம்ப்செட் வைத்திருப்பவர் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட முடியும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து, கடைமடைக்கு வந்து சேரும் தண்ணீரை நம்பியிருப்பவருக்கு, வந்த தண்ணீரைத் தேக்கிக்கொள்வதுதான் அறிவுடைமை. அடுத்த முறை எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. மேல் வயலிலிருந்து தன் வயல் வழியாகக் கீழ் வயலுக்குப் பாயும் இடத்தில், தன் வயலை மட்டும் காயப்போடுவது யாருக்கும் கூடாத காரியம்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கிய "தன்னால் முடியும்" என்ற உள்நம்பிக்கையும், வெளியிலுள்ள இந்த உண்மையான தடைகளும் வேறு வேறு. முன்னதைப் பயிற்சியால் வளர்க்கலாம். பின்னதற்குப் பயிற்சி மருந்தாகாது. எது எது என்று பிரித்தறியாமல் ஊக்கப் பேச்சு நடத்துவது, கையில் வேலை வைத்துக்கொண்டு ஆள் தேடி அலைபவரை அவமதிப்பதாகும்.

பெண்களின் கருத்துக்கு இதில் என்ன இடம்?

பல ஆய்வுகளில் இடமே தரப்படுவதில்லை. கேள்வித்தாள் "குடும்பத் தலைவரிடம்" கொடுக்கப்படுகிறது. ஆனால் முறை நடைமுறையாவது நடவுப் பெண்களின் விரல்களில். மேலும், கையால் களை பறிப்பது காலங்காலமாகப் பெண்களுக்குக் கூலி தந்த வேலை. கோனோவீடர் வந்தபின் அதைத் தள்ளும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்குப் போனது. ஒரு முறை பரவினால் தன் கூலிநாள் குறையும் என்று தெரிந்தவர் அதை விரும்பாமலிருப்பது இயல்பு. இந்த முறையை நடவுக் குழுவினருக்கே தனியாகக் கற்றுக்கொடுத்து, புதிய நடவுக்கு உரிய கூலியை முன்கூட்டியே பேசி முடித்த இடங்களில் எதிர்ப்பு கரைந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வயல் நட்ட பிறகு அவர்களுக்கே கைவேகம் வந்துவிடுகிறது.

மானியம் கொடுத்தால் உத்தேசம் மாறுமா?

மானியம் இருக்கும் வரை மாறும். மார்க்கரும் கோனோவீடரும் இலவசமாகக் கிடைத்ததற்காக ஒரு பருவம் செய்தவர், அந்தப் பருவத்தில் பயனை உணர்ந்திருந்தால் தொடர்வார், உணராவிட்டால் கருவி மாட்டுக்கொட்டகையில் சாத்தப்பட்டிருக்கும். துணிந்து ஒருமுறை செய்துபார்ப்பதற்கான செலவைப் பகிர்ந்துகொள்வது என்ற அளவில் மானியம் நியாயமானது. இலக்கை முடிக்கப் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்காகக் கொடுக்கும்போது, "இது அரசாங்கத்துக்காகச் செய்யும் வேலை" என்ற எண்ணமே விவசாயியின் மனத்தில் பதிகிறது.

வயது தடையா?

நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. இளைஞருக்குத் துணிவு இருக்கலாம், முடிவெடுக்கும் உரிமை தகப்பனாரிடம் இருக்கும்.

கூட்டத்தில் "கண்டிப்பாகச் செய்கிறேன்" என்றவர் ஏன் செய்யவில்லை?

அவர் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆர்மிட்டேஜ், கானர் என்ற இருவர் 2001இல் 185 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஐசனின் கோட்பாடு மனிதர்களின் உத்தேசத்தில் காணப்படும் வேறுபாட்டில் 39 சதவீதத்தையும், நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 27 சதவீதத்தையும் விளக்கியது. உத்தேசத்துக்கும் செயலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது என்பதே இதன் பொருள்.

அந்த இடைவெளியில் நடப்பவற்றில் முதலாவது, காலம். கூட்டம் ஏப்ரலில் நடக்கிறது, நாற்றுவிடுவது ஜூனில். அதற்குள் பள்ளிக் கட்டணம், கல்யாணம், மருத்துவச் செலவு என்று எல்லாம் வந்துபோகின்றன. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே மனிதர் அறுவடைக்கு முன் பணமுடையில் இருக்கும்போது சிந்தனைத் திறன் சோதனைகளில் குறைவாகவும், அறுவடை முடிந்து பணம் வந்தபின் மேலாகவும் செய்வதைக் காட்டியது. முடிவுகளை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் பின்னர் விவாதம் எழுந்தது. ஆனாலும் கடனின் வட்டித் தேதி மனத்தை எவ்வளவு அடைத்துக்கொள்ளும் என்பதைக் கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கென்யாவின் மேற்குப் பகுதியில் டுஃப்லோ, கிரெமர், ராபின்சன் ஆகியோர் செய்த ஆய்வு இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. உரம் போட விரும்பியும் போடாமல் விட்ட மக்காச்சோள விவசாயிகளிடம், அறுவடை முடிந்து கையில் பணம் புரளும் நாட்களிலேயே சென்று, "இப்போதே வாங்கினால் உரத்தை வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறோம், அதற்குக் கூலி இல்லை" என்றார்கள். அந்தச் சிறு சலுகை, பருவம் தொடங்கிய பின் தரப்படும் மிகப் பெரிய விலைக்குறைப்புக்கு இணையான பலனைத் தந்தது.

இன்னொரு வழியைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விளக்கினார். "செய்வேன்" என்பதோடு நிறுத்தாமல், "இன்னது நடக்கும்போது இன்ன இடத்தில் இன்னதைச் செய்வேன்" என்று முடிச்சிட்டுக்கொள்பவர்கள் செய்து முடிக்க வாய்ப்பு அதிகம். களத்தில் இதற்கு உருவம் கொடுப்பது எளிது. ஒற்றை நாற்று போடப்போகிறேன் என்பவரிடம், நாற்றங்கால் எந்தச் சென்ட்டில், நடவுக்கு யார் குழு, அவர்களுக்கு எந்தக் கிழமை சொல்லிவைப்பது, மார்க்கர் யாரிடமிருந்து வரும் என்று கேட்டு, அவரையே ஒரு தாளில் எழுதச்செய்யலாம். எழுதும்போது எங்கே பேனா நிற்கிறதோ, அங்கேதான் தடை இருக்கிறது.

ஒரு பருவம் செய்தவர் அடுத்த பருவம் ஏன் விட்டுவிடுகிறார்?

இந்த முறை பிறந்த மடகாஸ்கரிலேயே இது நடந்தது. மோசர், பேரட் என்ற ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரையின்படி, விளைச்சல் கூடிய பிறகும் கணிசமானோர் கைவிட்டார்கள். நடவுக் காலம்தான் அங்கே ஏழைகளின் பசிக் காலம். அன்றாடச் சாப்பாட்டுக்காக அடுத்தவர் வயலில் கூலிக்குப் போக வேண்டிய நேரத்தில், தன் வயலில் கூடுதல் நாட்கள் குனிந்து நிற்க அவர்களால் முடியவில்லை. அறுவடையில் வரும் லாபம் அன்றைய அரிசிக்கு உதவாது. ஏற்றுக்கொண்டவர் பட்டியலோடு, விட்டவர் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு அவர்களைத் தேடிப்போய் உட்கார்ந்து கேட்பது, நம்மிடையே அரிதாகவே நடக்கும் நல்ல வேலை.

பாதி முறையை மட்டும் எடுத்துக்கொள்வது தோல்வியா?

தோல்வி என்று நான் எண்ணவில்லை. பதினெட்டு நாள் நாற்று, குத்துக்கு இரண்டு, ஒரு பக்கம் மட்டும் கயிறு பிடித்து வரிசை என்று பலர் தங்களுக்கு ஏற்றவாறு வளைத்துக்கொண்டார்கள். குத்துக்கு இரண்டு என்பது, ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்ற காப்பீடு. இயந்திர நடவு பரவியபோது இளம் நாற்று, பாய் நாற்றங்கால் என்ற இரண்டும் பலருக்குப் புதிதாகத் தோன்றவில்லை. பழகிய ஒன்று இன்னொன்றுக்குப் படியாகியிருந்தது.

ஒரு புதிய முறை பரவ எவ்வளவு காலம் பிடிக்கும்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியதைப் பற்றி ரயன், கிராஸ் இருவரும் 1943இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. 1928 வாக்கில் வந்த அந்த விதையை, அவர்கள் பேட்டி கண்ட 259 விவசாயிகளில் இருவர் தவிர அனைவரும் 1941க்குள் ஏற்றிருந்தார்கள். ஆனால் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஏற்பதற்குச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் ஆயின. பெரும்பாலோர் முதலில் நிலத்தின் ஒரு சிறு மூலையில்தான் போட்டுப் பார்த்தார்கள். விளைச்சல் கண்கூடான, விதையை மாற்றினால் போதும் என்ற எளிய மாற்றத்துக்கே இவ்வளவு காலம். ஆளும் நீரும் கைப்பழக்கமும் சேர்ந்து மாற வேண்டிய ஒன்றை மூன்றாண்டுத் திட்டக் காலத்துக்குள் அளந்து "தோல்வி" என்று கோப்பை மூடுவது அவசரம்.

விவசாயியின் மறுப்பே சரியானதாக இருக்க முடியுமா?

முடியும், பல நேரங்களில் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் தாழ்வான வயலில் பதினான்கு நாள் நாற்றை நட்டால், ஒரே இரவு மழையில் அது மூழ்கிவிடும், வடிக்க வழியும் இருக்காது. வளர்ந்த நாற்றோ தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்கும். இதை அறிந்து சம்பாவில் மறுத்துவிட்டு, குறுவையில் பம்ப்செட் தண்ணீரில் அதே முறையைச் செய்பவரிடம் இருப்பது தெளிவு. இந்த முறையின் விளைச்சல் பற்றிய மிகப் பெரிய கூற்றுகளை 2000களின் நடுவில் உலக அளவில் நெல் விஞ்ஞானிகளே மறுத்து எழுதினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தயக்கத்தை நோய் போலக் கருதி ஆராயத் தொடங்கும் ஆய்வாளருக்கு இந்த வகை மறுப்பு கண்ணில் படாமலே போகும்.

இது குறித்துக் கேள்வித்தாள் தயாரிக்கும் மாணவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

"புதிய தொழில்நுட்பத்தை ஏற்க விரும்புகிறீர்களா?" என்று ஒருபோதும் கேட்க வேண்டாம். வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் கோணக் கூடாது என்று எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். "வரும் குறுவையில், வாய்க்காலை ஒட்டிய அந்த ஒரு ஏக்கரில், பதினான்கு நாள் நாற்றை ஒற்றையாக நடப்போகிறீர்களா?" என்று செயல், இடம், காலம் மூன்றையும் குறித்துக் கேட்க வேண்டும். ஐசனும் இந்தக் குறிப்புத்தன்மையைத்தான் வலியுறுத்துகிறார். ஐந்து புள்ளி அளவுகோலில் "முற்றிலும் உடன்படுகிறேன்" என்பதைப் படித்துக்காட்டி விடை வாங்குவதற்கு முன், பத்துப் பதினைந்து பேரிடம் திறந்த கேள்வியாகப் பேசி, நன்மை தீமை என்று அவர்கள் தாமாகச் சொல்பவற்றையும், யாருடைய பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள் என்பதையும், எது தடுக்கும் என்பதையும் அவர்களுடைய சொற்களிலேயே திரட்டிக்கொள்ள வேண்டும். கேள்வித்தாளின் வாக்கியங்கள் அந்தச் சொற்களிலிருந்து எழ வேண்டும்.

ஒரே வீட்டில் நிலக்காரரிடமும் அவர் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்பதும், அந்த வயலில் நடும் குழுவினர் இருவரிடமாவது கேட்பதும் அவசியம். பேட்டி எடுத்த தேதியையும் ஒவ்வொரு தாளிலும் எழுதிவையுங்கள். நெல் விற்ற பணம் கைக்கு வந்த வாரத்தில் கேட்டதா, நாற்றங்காலுக்குக் கடன் தேடி அலைந்த வாரத்தில் கேட்டதா என்பது தெரியாவிட்டால், கிடைத்த உத்தேசத்தை எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியாமல் போகும்.